யாழ்ப்பாணத்தில் வைத்தியரைப் பார்க்க: காப்புறுதி அட்டையை நம்பி வராதீர்கள்

கனடா, லண்டன், சுவிஸ் என்று நெடுங்காலம் இருந்துவிட்டு யாழ்ப்பாணத்தில் தங்க வருபவர்கள் பலர், வருத்தம் வந்தால் காப்புறுதி அட்டை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். மாலையில் தனியார் வைத்தியசாலைகளில் நோயாளர் பார்க்கும் வைத்தியர்கள் அந்த அட்டையைப் பொதுவாக ஏற்பதில்லை. காசைக் கட்டினால்தான் வைத்தியரைப் பார்க்க வரிசை இலக்கம் கிடைக்கும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வைத்தியருக்கு ஒரு கட்டணம், வைத்தியசாலைக்கு ஒரு கட்டணம், இரண்டையும் அங்கேயே அறவிடுவதுதான் சனலிங் முறை. செலவைப் பிறகு காப்புறுதிக்காரரிடம் கேட்டு வாங்குவது உங்கள் பாடு.

அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது. பிரித்தானியாவின் அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ். இலங்கையில் நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தராது. ஜேர்மனியின் அரசமுறைக் காப்புறுதியும் அப்படித்தான். சுவிஸ் அடிப்படைக் காப்புறுதி, அவசர சிகிச்சை என்றால் அதற்குச் சுவிஸில் ஆகும் செலவின் இரண்டு மடங்கு வரை தரும். ஆனால் சுவிஸில் வதிவிடப் பதிவை நீக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டால் அதுவும் இல்லை. பயணக் காப்புறுதி எடுப்பவர்கள், ஏற்கெனவே உள்ள நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதில் அடங்குமா என்று புறப்படுமுன்பே கேளுங்கள்.

பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பெயரைப் பாருங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளை நீங்கள் சொன்ன பெயரை மட்டும் அடித்துத் தந்துவிடும். கடவுச்சீட்டிலோ அப்பாவின் பெயரும் சேர்ந்து நிற்கும். பெயர் பொருந்தாவிட்டால் காப்புறுதிக்காரர் இழுத்தடிப்பார்கள். கடவுச்சீட்டுப் பிரதியை நீட்டி, அதில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள். மருந்துத் துண்டைப் பாமசியில் கொடுக்குமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரும், வைத்தியரின் கையெழுத்தும், பதிவிலக்கத்தோடு கூடிய முத்திரையும் அதில் இருக்கட்டும். வாட்டில் தங்கினால், வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

மாலையில் காசு கட்டிப் பார்க்கும் நிபுணர்களில் பலர், பகலில் யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ கடமையில் இருப்பவர்கள். அங்கே இலங்கைப் பிரசைகளுக்குச் சிகிச்சை இலவசம்; வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்கள் அனுமதிக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். தடிமனுக்கும் இருமலுக்கும் காசு கட்டிப் பார்க்க வசதியுள்ளவர்கள் வெளிநோயாளர் பிரிவின் வரிசையை இன்னும் நீட்டாமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். நெஞ்சுவலி, பக்கவாதம், விபத்து, பாம்புக்கடி என்றால் மட்டும் தனியார் இடம் தேடி ஒரு நிமிடமும் வீணாக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது.

அரச வைத்தியசாலையிலும் சில மருந்துகளையும் பரிசோதனைகளையும் வெளியில் பெறும்படி துண்டு எழுதித் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகளை வெளிநாட்டில் விட்டுவிட்டுப் பழைய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். காப்புறுதியைப் பற்றி யோசிக்குமுன் அயலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் போடும் குளிசைகளின் பெயர்கள், பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்கள், அவசரத்துக்கு எடுக்கக் கொஞ்சக் காசு, இவை எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.