எவி எட்னா ஓகோலியைக் கேட்கத் தொடங்குவது எப்படி?

1980-களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் ‘ரெக்கே ராணி’ என்று பெயரெடுத்தவர் எவி எட்னா ஓகோலி (ரெக்கே, ஜமைக்காவில் பிறந்த இசை வகை). முதலில் ‘ஹேப்பி பர்த்டே’. பாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கேக் வெட்டும் பாட்டுகள்தான் வரிசைகட்டும். பாடகி பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

ஹெட்போன் அவசியம். போன் ஸ்பீக்கரில் பேஸ் கிடார் காணாமல் போகும். ரெக்கேக்கு உயிரே அதுதான். நான்கு நான்காக எண்ணிக்கொண்டே கேளுங்கள். கிடாரின் ‘சக்’ என்ற வெட்டொலி 2, 4-இல் விழ வேண்டும். எண்களுக்கு நடுவே விழுகிறதா? மெதுவாக எண்ணுகிறீர்கள்; வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். ‘ஒன் டிராப்’ தாளமென்றால் பெரிய டிரம் 3-இல் இறங்கும், 1 காலியாக நிற்கும். புதிதாகக் கேட்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

தாளம் பிடிபட்டதும் அவர் தாய்மொழியான இசோகோவில் பாடியவற்றுக்குப் போகலாம்.