கழுவாத டிராக்டர் ஸ்பேர்ஸ்: வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுப்பு முடிந்து தை, மாசி வந்தால் டெல்டாவில் பழைய டிராக்டரும் பவர் டில்லரும் கைமாறத் தொடங்கும். ஓடாத வண்டியைப் பிரித்து ஸ்பேர்ஸாக விற்பவர்களுக்கும் அதுதான் சீசன். இந்தத் தொழிலுக்கு இப்போது புதுப் பையன்கள் நிறைய வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, கீழே ‘கழுவாத ஐட்டம், இருக்கிறபடி’ என்று ஒரு வரி. அதில் தப்பில்லை, கழுவாத பொருளை வாங்கத்தான் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு வரியை நம்பி நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்தை இவர்களும் செய்கிறார்கள். போல்ட்டை எண்ணிப் பார், விலையைப் பேசி வாங்கு என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அழுக்கைப் படிக்காமல் விடுவது

நம்ம ஊர்க் களிமண் காய்ந்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஹவுசிங் (கியரை மூடியிருக்கும் வெளிக்கூடு) முழுக்க அது ஒரே நிறத்தில் அப்பிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மண் கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் அங்கே ஆயில் கசிகிறது. சீல் போனதா, பேக்கிங் போனதா, விரிசலா என்பது அடுத்த கேள்வி. பிளாக்கின் பக்கவாட்டில் துரு நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. எல்லா இடமும் தூசியாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் புது கிரீஸ் பளபளத்தால், அதை யார், எதற்குப் பூசினார்கள் என்று கேளுங்கள்.

எஞ்சினாக வாங்கினால், உள்ளே போகும் காற்றை ஆயிலில் வடிகட்டும் ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம், இதற்குள் யாரும் கை வைப்பதில்லை. ஆயிலுக்கு அடியில் சாம்பல் நிற வண்டல் கனமாகப் படிந்திருந்தால், ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருக்கலாம். அப்புறம் பேரிங், பம்பு எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சில்வர் பெயின்ட்

கழுவாத ஐட்டத்துக்குப் பெயின்ட் எதற்கு? வாங்காமல் விட்டுவிடுங்கள்.

நம்பரைப் பார்க்காமல் கிரவுன் பினியன் வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல், அதை ஓட்டும் சின்னது பினியன். இரண்டையும் கம்பெனியில் ஒன்றோடு ஒன்று தேய்த்து, பல்லோடு பல் படியவைத்து ஜோடியாகத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஜோடிக்கு ஒரே நம்பரை இரண்டிலும் பொறித்திருப்பார்கள். பினியனில் பெரும்பாலும் முகத்தில், கிரவுனில் விளிம்பிலோ முதுகிலோ இருக்கும். எழுத்து சின்னது. பழைய கியர் ஆயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டித்துக் கிடக்கும்போது சுத்தமாகத் தெரியாது.

பிரிக்கிற இடத்தில் என்ன நடக்கிறது? நாலைந்து ஹவுசிங்கைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போடுகிறார்கள். சாயங்காலம் ஒரு பையன் பல்லை எண்ணி, கணக்கு ஒத்துவருவதை ஜோடி சேர்த்துக் கம்பியால் கட்டி வைக்கிறான். ஒரே மாடல் வண்டி என்றால் பல் எண்ணிக்கை ஒத்துத்தான் வரும். அதை வைத்து ஜோடி என்று சொல்ல முடியாது.

மன்னார்குடிப் பக்கம் புதிதாகக் கடை போட்ட ஒரு தம்பி அப்படிக் கட்டி வைத்ததை அப்படியே வாங்கி, நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு விற்றுவிட்டான். ரோட்டில் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்கியதும் ஊளையிட ஆரம்பித்தது. மெக்கானிக், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். தேய்மானம் வேறு வேறாக இருக்கும் பல்லுக்கு ஷிம் என்ன செய்யும்? கடைசியில் பினியனில் ஒரு பல் உடைந்து, துணுக்கு பேரிங்கில் மாட்டி, அதுவும் போனது. நாற்று தயாராக நிற்கிற நேரத்தில் வண்டியை மறுபடி நடுவில் பிரிக்க வேண்டியதாயிற்று. கூலி, பேரிங், வாடகை டிராக்டர் என்று கணக்குப் போட்டால் புது செட்டே வாங்கியிருக்கலாம்.

அந்தத் தம்பி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. “நான் கழுவாததுன்னு சொல்லித்தானேண்ணே வித்தேன்?” கழுவவில்லை என்றால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஜோடி இல்லாததை ஜோடி என்று விற்க அது அனுமதிச் சீட்டா?

முழுசாகக் கழுவ வேண்டாம். டீசலில் நனைத்த துணியால் நம்பர் இருக்கும் இடத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துடையுங்கள். இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே போட்டோவாக எடுங்கள். விற்பவர் அனுப்பவில்லை என்றால் வாங்குபவர் கேட்க வேண்டும். ‘துடைத்தால் கழுவாத ஐட்டம் ஆகாதே’ என்று சொல்கிறவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதன் கேப்புக்கும் இதே விதிதான்.

எடை போட்டு வாங்குவது

மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள்.

ஹெட்டை விரிசல் பார்க்காமல் எடுப்பது

எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில், வால்வு உட்காரும் சீட் இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். கரி படிந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து நன்றாகத் துடைத்துவிடுங்கள். மேலே சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு ஈரக் கோடு விழும். விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள், விலை தானாக இறங்கும்.

வாங்கி வந்ததும் காஸ்டிக் சோடாவில் போடுவது

வார்ப்பிரும்புக்குச் சரி. அலுமினியக் கேஸிங்கை அதில் போட்டால் நுரை பொங்கும், பொருளையே அரித்துவிடும். பவர் டில்லரில் அலுமினியப் பாகங்கள் உண்டு, மண் மூடியிருக்கும்போது எது என்ன என்று தெரியாது. சந்தேகமாக இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் டீசலும் பிரஷ்ஷும் போதும். டீசல் பம்பைப் பிரஷர் வாட்டரில் காட்டவே காட்டாதீர்கள்.

ஆயிலை வடிக்காமல் பார்சல் போடுவது

லாரி ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் பக்கத்து மூட்டைக்காரர் சண்டைக்கு வருவார்.

ஜூனில் தேடுவது

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்ற பேச்சு வந்தாலே விலை ஏறிவிடும், பார்த்து வாங்க நேரமும் இருக்காது. மாசியிலேயே வாங்கி வையுங்கள். விற்பவர்கள் பில்லில் ‘கழுவாதது’ என்பதோடு நிறுத்தாமல், ஜோடி நம்பரையும், எந்தக் குறைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பதையும், எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.