ஐநோடுக்குள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி

மாம்பலம் பக்கம் நடந்தா வீட்டு வாசல்ல பாத்திருப்பீங்க, புது எண் இவ்ளோ, பழைய எண் இவ்ளோன்னு ரெண்டையும் எழுதி வச்சிருப்பாங்க. நம்பர் மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் ரெண்டையும் சொன்னாதான் கூரியர்காரர் வீட்ட கண்டுபிடிக்கிறாரு. லினக்ஸோட உள் மையமான கெர்னல்ல, ஐநோடு (ஒவ்வொரு ஃபைலப் பத்தின தகவலையும் வச்சிருக்கற பதிவு) மாதிரி ஃபைல் சிஸ்டம் ஸ்ட்ரக்சர் ஒன்ன மாத்த உக்காரும்போதெல்லாம் எனக்கு அந்த போர்டுதான் ஞாபகம் வரும். அதுக்குள்ள ஒரு ஃபீல்ட, அதாவது ஒரு தகவலுக்கான எடத்த, மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை, பழைய நம்பர வச்சுக்கிட்டு தேடி வர்றவங்கள சமாளிக்கிறதுதான் மாசக்கணக்குல இழுக்கும்.

மொதல்ல நீங்க தொடப்போறது மெமரில இருக்கறதா, டிஸ்க்ல இருக்கறதான்னு பாருங்க. எக்ஸ்ட்4ங்கற ஃபைல் சிஸ்டத்துல ரெண்டுக்கும் தனித்தனி ஸ்ட்ரக்சர் இருக்கு, பேரும் கிட்டத்தட்ட ஒன்னாத்தான் இருக்கும், புதுசா வர்றவங்க இங்கதான் குழம்புவாங்க. டிஸ்க்ல இருக்கறத மாத்தினா ஊர்ல இருக்கற எல்லார் ஹார்ட் டிஸ்க்கும் உங்க பொறுப்பு, ஃபீச்சர் ஃப்ளாக்கு, ஃபைல் சிஸ்டம் செக் பண்ற டூல்னு அது வேற கதை. மெமரில இருக்கறதுன்னா எப்ப வேணா மாத்தலாம், கெர்னலுக்குள்ள இருக்கற ஏபிஐ, அதாவது ஒரு பகுதி இன்னொன்ன கூப்பிடற முறை, அப்படியே இருக்கும்னு யாரும் யாருக்கும் சத்தியம் பண்ணல. நான் சொல்றது இந்த ரெண்டாவது ரகத்துக்கு.

அந்த ஃபீல்ட யார் யார் தொடுறாங்கன்னு கண்டுபிடிக்க, கோடுல பேர தேடற கிட் கிரெப் போட்டா மட்டும் பத்தாது, சுருக்கப்பேருல கோட விரிக்கிற மேக்ரோக்குள்ள ஒளிஞ்சிருக்கறது தப்பிச்சிடும். ஃபீல்டு பேர வேணும்னே வேற மாதிரி மாத்திட்டு முடிஞ்ச எல்லாத்தையும் மாட்யூலா சேத்துக்கற ஆல்மாட்கான்ஃபிக்ல பில்டு ஓட விடுங்க, கம்பைலரே கத்தி கத்தி லிஸ்ட் குடுத்துடும். உங்க லேப்டாப் கான்ஃபிக்ல ஓட்டாதீங்க, அதுல பாதி ஃபைல் சிஸ்டம் கம்பைலே ஆகாது. 32 பிட்டுக்கும் ஒரு தடவ.

அடுத்ததுதான் முக்கியம். ஸ்ட்ரக்சர மொதல்ல மாத்தாதீங்க, அத தொடுற வழிய மொதல்ல மாத்துங்க. 2016ல ஐநோடு மியூடெக்ஸ (ஒரு நேரத்துல ஒருத்தர மட்டும் உள்ள விடற லாக்) ரீட் ரைட் செமஃபோரா (படிக்கறவங்க பல பேர ஒன்னா விடற லாக்) மாத்துனப்ப அப்படித்தான் பண்ணாங்க, மொதல்ல ஐநோட் லாக், ஐநோட் அன்லாக்னு சின்ன ஃபங்ஷன் போட்டு எல்லாரையும் அது வழியா வர வச்சாங்க, அப்புறமா உள்ள இருந்த லாக்க மாத்துனப்ப வெளிய பெருசா யாரையும் தொட வேண்டி வரல. டைம்ஸ்டாம்ப் கதையும் இதேதான். 2023ல கெர்னல் 6.6ல சிடைம (ஐநோடு கடைசியா மாறுன நேரம்) நேரா தொடாம ஃபங்ஷன் வழியா மட்டும் படிக்கவும் எழுதவும் வச்சாங்க, 6.7ல ஏடைமும் (கடைசியா படிச்ச நேரம்) எம்டைமும் (உள்ள இருக்கறது கடைசியா மாறுன நேரம்) அதே வழிக்கு வந்துச்சு. நூத்துக்கணக்கான எடத்துல ஒரே மாதிரி மாத்த வேண்டிய இந்த மாதிரி வேலைக்கு காக்சினெல்னு ஒரு டூல் இருக்கு, கையால பண்ணி கண்ண கெடுத்துக்காதீங்க.

இதுக்கு பலன் 2024ல 6.11ல கெடச்சுது. மூணு டைம்ஸ்டாம்பும் ஆளுக்கு 16 பைட், மொத்தம் 48. அத செகண்டு தனி, நானோ செகண்டு தனின்னு பிரிச்சா 36தான், அலைன்மென்ட் போக ஐநோடுக்கு 8 பைட் மிச்சம். லட்சக்கணக்குல ஐநோடு மெமரில கெடக்கும்போது அது சும்மா இல்ல. ஆனா பைட் கொறஞ்சதுல பின்னாடி இருந்த ஸ்பின்லாக்ங்கற லாக் முந்தின கேஷ் லைனுக்கு (சிபியு மெமரில இருந்து ஒரே தடவைல எடுக்கற துண்டு) நகந்து, தான் காவல் காக்கற ஃபீல்டுங்கள விட்டு பிரிஞ்சு போச்சு, அதனால இன்னொரு ஃபீல்ட நகத்தி சரி பண்ணாங்க. இது கோட படிச்சா கண்ணுல படாது, ஸ்ட்ரக்சர் மெமரில எப்படி அடுக்கியிருக்குன்னு காட்டற பாஹோல் டூல ஓட்டினாத்தான் ஓட்டை எங்க இருக்கு, 64 பைட் எல்லை எங்க விழுதுன்னு தெரியும். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ ஓட்டி ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க.

புது ஃபீல்டு சேக்கறவங்களுக்கு ஒரு குழி இருக்கு, நானே விழுந்தேன். எக்ஸ்ட்4ல இனிட் ஒன்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கும், பேர பாத்து சரி இங்கதான் ஜீரோ போடணும்னு போட்டுட்டேன். அது ஸ்லாப்ல, அதாவது கெர்னல் ஒரே சைஸ் எடங்கள சேத்து வச்சுக்கற பகுதில, அந்த எடம் மொத மொதல்ல உருவாகும்போது மட்டும்தான் ஓடும், ஐநோட ஃப்ரீ பண்ணி அதே எடத்த அடுத்த ஃபைலுக்கு குடுக்கும்போது ஓடாது. காலி பண்ணிட்டு போன குடித்தனக்காரர் சாமான் உள்ளயே கெடக்க அடுத்தவர் குடி வந்த மாதிரி, பழைய ஃபைலோட வேல்யூ புது ஃபைல்ல. என் விஎம்ல (வர்ச்சுவல் மெஷின்) ரெண்டு நாள் ஒன்னும் ஆகல, மெமரி கம்மி பண்ணி ஓட்டினப்பதான் வெடிச்சுது. ஒவ்வொரு தடவையும் ரீசெட் ஆக வேண்டியத ஐநோடு ஒவ்வொன்னா ஒதுக்கற அலாக் ஐநோடு ஃபங்ஷன்ல போடுங்க.

எந்த லாக் இந்த ஃபீல்ட பாதுகாக்குதுன்னு பக்கத்துலயே கமென்ட் எழுதுங்க, எழுத வரலன்னா உங்களுக்கே தெரியலன்னு அர்த்தம். லாக் எடுக்காமலே படிக்க விடற ஆர்சியுங்கற முறைல படிக்கிற பாதையும் இருக்கும், அதயும் தேடி பாருங்க.

டெஸ்டுக்கு எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ். பேர்லதான் எக்ஸ்எஃப்எஸ், ஆனா எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ்னு மத்த ஃபைல் சிஸ்டத்துக்கும் ஓடும். மொதல்ல குயிக் குரூப்பு, ராத்திரி ஆட்டோ குரூப்பு, லாக் தப்ப பிடிக்கிற லாக்டெப்பும் மெமரி தப்ப பிடிக்கிற கேசானும் ஆன்ல. ஸ்க்ராட்ச் டிவைஸ்னு எத காட்டுறீங்களோ அத சுத்தமா அழிச்சிடும், அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல சல்லிசா ஒரு பழைய டிஸ்க் வாங்கிக்கோங்க, இல்ல விஎம்லயே வச்சுக்கோங்க. கரண்ட் போனா எழுதினது நிக்குதான்னு பாக்க மின்வாரியத்த நம்ப வேணாம், டிஸ்க் திடீர்னு எழுதறத விட்டுடற மாதிரி நடிக்கிற டிஎம் ஃப்ளேக்கி இருக்கு.

பேட்ச் அனுப்பும்போது ஒவ்வொன்னும் தனியா பில்டு ஆகணும், இல்லன்னா பின்னாடி எந்த பேட்ச்ல தப்பு வந்துச்சுன்னு பாதி பாதியா பிரிச்சு தேடி பைசெக்ட் பண்றவன் திட்டுவான். ஃபங்ஷன் மொதல்ல, அப்புறம் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமா, கடைசில ஃபீல்டு. நீங்க எழுதிட்டு இருக்கற நேரத்துல வேற யாராவது பழைய பேர வச்சு புது கோடு எழுதிட்டு இருப்பாங்க, அதனால அடுத்த வெர்ஷனுக்கு வர்ற வேலையெல்லாம் சேந்திருக்கற லினக்ஸ் நெக்ஸ்ட் மேல வச்சு பில்டு பண்ணி பாத்துட்டு, புது கோட சேத்துக்கற மெர்ஜ் விண்டோ மூடுறதுக்குள்ள இன்னொரு கிரெப் போடுங்க.