கடுகுக் குடும்பச் செடியை மலரைக் கொண்டு அறிவது எப்படி?

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் ஆகிய அனைத்தும் ஏறத்தாழ 4,000 சிற்றினங்களைக் கொண்ட பிராசிகேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையையும் கிழங்கையும் மட்டும் பார்த்து இந்த உறவை ஊகிப்பது கடினம். மலரைப் பிரித்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். சமையலறைக் கடுகைக் குளிர்ந்த மாதங்களில் தொட்டியில் விதைத்தாலே பழகுவதற்குப் போதுமான பூக்கள் கிடைக்கும்.

நன்கு விரிந்த மலர் ஒன்றை எடுத்து, வெளிப்புறத்திலிருந்து ஊசி முனையால் அடுக்கடுக்காக நீக்குங்கள். நான்கு புல்லி இதழ்களும், சிலுவை வடிவில் விரிந்த நான்கு அல்லி இதழ்களும் முதலில் தென்படும். பலர் இதோடு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ஆனால் வெட்சிப் பூவுக்கும் நான்கு இதழ்களே என்பதால் இது போதுமான சான்றாகாது. மகரந்தத்தாள்களை எண்ணுவதே முதன்மையான சோதனை: மொத்தம் ஆறு இருந்து, அவற்றுள் உள்வட்டத்து நான்கு நீண்டும், வெளிவட்டத்து இரண்டு குட்டையாகவும் இருந்தால் அது பெரும்பாலும் கடுகுக் குடும்பமே. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் இந்த நீள வேறுபாட்டைக் கொண்டே இச்செடிகளைத் தனி வகுப்பாகப் பிரித்தார்.

நம் தரிசு நிலங்களில் மழைக்குப் பின் முளைக்கும் நாய்க்கடுகு, மஞ்சள் நிற நான்கு இதழ்களாலும் நீண்ட காயாலும் எளிதில் ஏமாற்றிவிடும். அதன் மகரந்தத்தாள்கள் ஆறுக்கு மேற்பட்டவை; இலை மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்து, தொட்டால் பிசுபிசுக்கும். நல்வேளைச் செடிக்கு ஆறு மகரந்தத்தாள்கள் உண்டெனினும் அவை ஏறக்குறைய ஒரே நீளமுடையவை. இவ்விரண்டும் கடுகுக் குடும்பத்தின் மிக நெருங்கிய உறவான கிளியோமேசி குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், இந்த மயக்கம் இயல்பானதே.

அடுத்து, முற்றிக் காய்ந்த கடுகுக் காயின் இரு ஓடுகளையும் அடியிலிருந்து மேல்நோக்கி உரித்தால், நடுவில் ஒரு மெல்லிய சட்டமும், அதில் பொருந்திய காகிதம் போன்ற சவ்வும், சட்டத்தின் ஓரங்களில் ஒட்டிய விதைகளும் எஞ்சும். நாய்க்கடுகுக் காயில் இச்சவ்வு இராது. முள்ளங்கிக் காய் மட்டும் பஞ்சு போன்று தடித்து, வெடிக்காமலே இருக்கும். அதற்கு மலரையே நம்புங்கள்.

இலையைக் கசக்கி முகரும் கார நெடி துணைச் சான்றே. முருங்கை வேரிலும் அத்தகைய நெடி உண்டு. அறியாத செடியை வாயிலிட்டுச் சோதிக்க வேண்டாம். முட்டைக்கோஸ் பூக்கப் பல வாரக் குளிர் தேவைப்படுவதால், சமவெளியில் இருப்போர் பிடுங்காமல் விட்ட முள்ளங்கியின் வெண்ணிறப் பூவைத் தேடுவது நல்லது.