உப்புக்காற்றில் இறுகும் டிஸ்க் பிரேக்: கேலிப்பரைப் பிரித்து மாட்டுவது

மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடலோரத்தில் நிற்கும் பழைய மாருதி 800-ல் முன் சக்கரம் சுற்றாமல் இறுகிப் பிடிக்கிறது என்றால், டிஸ்க்கில் உரசும் பிரேக் பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பருக்குள், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீல் உட்காரும் காடியில்தான் (பள்ளத்தில்) இருக்கும்.

சக்கரம் இறுகியிருக்கும்போதே ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டேண்ட் கொடுத்து, கேலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகான ப்ளீடர் நிப்பிளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீச்சி சக்கரம் விட்டுவிட்டால் பிரஷர் உள்ளே சிக்கியிருக்கிறது: கேலிப்பருக்கு ஆயில் வரும் ஹோஸ் உள்ளுக்குள் உப்பியிருக்கும், அல்லது பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். விடாவிட்டால் பிஸ்டனோ, கேலிப்பர் நகர்ந்து ஓடும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள். கேலிப்பர் ரப்பர் கிட் 2, பேடு ஒரு செட், ஹோஸ் போல்ட்டுக்குக் காப்பர் வாஷர் 4, மூடி திறக்காத டாட் 3 தரப் பிரேக் ஆயில் அரை லிட்டர், சிலிக்கான் கிரீஸ் வேண்டும். பழைய பேடின் தூசியை ஊதக் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

பிஸ்டனை எடுக்க கம்ப்ரஸர் தேவையில்லை. ஹோஸைக் கழற்றுமுன் கேலிப்பரை இறக்கி, பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்தால் தானே வெளியே வரும். அடுத்த பக்கக் கேலிப்பர் மாட்டியபடியே இருக்கட்டும். விரலை மட்டும் நடுவில் வைக்காதீர்கள்.

சீலை மூங்கில் குச்சியால் நெம்புங்கள், ஸ்க்ரூ டிரைவர் கீறிவிடும். இப்போது காடியை வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாகப் பொருக்கு கட்டியிருக்கும். மிதிக்கும்போது சதுர சீல் பிஸ்டனோடு சற்று வளைந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பொருக்கு பின்னாலிருந்து தள்ளினால் சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். புது சீல் போட்டும் பிரேக் விடாமல் இறுகுவதற்கு இதுதான் காரணம். காடியின் மூலை வரை சுரண்டி எடுங்கள். பிஸ்டனில் சீல் படும் இடத்தில் குழி விழுந்திருந்தால் எமரித் தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோலில் கழுவினால் ரப்பர் ஊதிவிடும். நம்ம ஊர் போர் தண்ணீரும் உப்பு. பிரேக் கிளீனர் போதும்.

புது சீலைப் புது ஆயிலில் நனைத்துப் போட்டு, பிஸ்டனைக் கையாலேயே நேராக அழுத்துங்கள். சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். பிஸ்டன் வாயை மூடும் ரப்பர் உறையான டஸ்ட் பூட்டின் விளிம்பு சுற்றிலும் காடியில் உட்கார வேண்டும்; உப்பை வெளியே நிறுத்துவது அதுதான். ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். டிஸ்க்கைப் பல இடத்தில் அளந்து, குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். புது டிஸ்க் என்றால் ஹப் முகத்துத் துருவைச் சுரண்டாமல் மாட்டாதீர்கள், பெடல் துடிக்கும்.

ப்ளீடர் வழியே காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தபின், வண்டி நகருமுன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். ஆட்கள் இல்லாத ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு, இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை குறையுங்கள். ஆறியபின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் பரவாயில்லை. கனமாகச் சுற்றினால் ஸ்லைடு பின்னை மறுபடி கழற்றுங்கள்.