கிளட்ச் டேங்கில் தப்பான ஆயில்: வீட்டிலேயே ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு

எங்கள் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் ஞாயிறு காலை ஆனால் இரண்டு பானெட்டாவது திறந்திருக்கும். வீடியோ பார்த்துத் தொழில் பழகும் பிள்ளைகள். ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஹைட்ராலிக் கிளட்சில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை: பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு பைப், உள்ளே பிரேக் ஆயில். வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்கச் சொல்லி நான் பாடம் நடத்தப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றுவது

மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கும் டேங்கில் ஆயில் குறைந்திருக்கிறது. அலமாரியில் பவர் ஸ்டியரிங் ஆயில் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது. ஊற்றிவிடுகிறார்கள். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் டாட் 3, டாட் 4 என்று எந்த ரக பிரேக் ஆயில் வேண்டுமோ அது அந்த டேங்க் மூடியிலேயே அச்சடித்திருக்கும்.

பிரேக் ஆயில் கிளைகால் வகை. உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஸ்டியரிங் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் பெட்ரோலிய வகை. அது பட்டால் அந்த ரப்பர் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். மாஸ்டருக்குள் ஆயில் டேங்குக்குத் திரும்பிப் போக ஒரு பொடித் துளை உண்டு. உப்பிய ரப்பர் அதை அடைத்துக்கொண்டால் அழுத்தம் உள்ளேயே நின்றுவிடும். கிளட்ச் முழுசாகப் பிடிக்காது, வழுக்கும்.

பக்கத்து பிளாக் தம்பி ஒருவர் வந்தார். "அங்கிள், டாப்-அப்தான் பண்ணேன், இப்ப பெடல் மேலயே வர மாட்டேங்குது." மூடியைக் கழற்றினேன். அதன் அடியில் இருக்கும் ரப்பர் மடிப்பு தொளதொளவென்று பெருத்து, திரும்ப உள்ளே உட்கார மறுத்தது. அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். அவர் போன ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால் போதும் என்றார்கள். போதாது. ஊறிய ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பாது. சில வாரத்தில் ஸ்லேவ் ஒழுகியது, அதை மட்டும் மாற்றினார். அப்புறம் மாஸ்டரும் போனது. இரண்டு தடவை கூலி.

இதைவிட மோசம், பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டேங்க். அங்கே தப்பான ஆயில் இறங்கினால் பிரேக் மாஸ்டர், நாலு சக்கரத்து சீல்கள், ஹோஸ்கள், ஏபிஎஸ் யூனிட் வரை கணக்கு போகும். சில நூறு ரூபாய் டின்னை வாங்காததற்கு இந்தச் செலவு.

ஊற்றிய உடனே தெரிந்துவிட்டதா? பெடலைத் தொடாதீர்கள், இன்ஜினைக் கிளப்பாதீர்கள். சிரிஞ்சால் டேங்கைக் காலி செய்து, டேங்கையே கழற்றிக் கழுவிவிட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. மிதித்துவிட்டால் ரப்பர் உள்ள எல்லாம் மாற வேண்டும். இரும்பு பைப்பை மட்டும் பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஒரே டேங்க் என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ பண்ணுங்கள்.

ரிப்பேர் கிட்டில் வரும் ரப்பரைப் பெட்ரோலில் அலசுவது

வெட்டிய தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி எல்லாவற்றையும் அதில் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. மேலே சொன்ன அதே சங்கதிதான். ரப்பருக்குப் புது பிரேக் ஆயில் மட்டும்.

போன வருஷம் திறந்த டின்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155. கிளட்ச் அவ்வளவு சூடாவது அபூர்வம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் சிலிண்டர் சுவரை அரிக்கும். அரித்த சுவர் புது சீலையும் கிழிக்கும். சின்ன டின்னாக வாங்குங்கள்.

ஸ்லேவைக் கழற்றி வைத்துவிட்டுப் பெடலை மிதிப்பது

பிஸ்டன் வெளியே பாயும். மிதிக்காதீர்கள்.

ஏர் எடுக்கும்போது பம்ப் அடிப்பது

ஏர் எடுப்பது என்றால் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பெடலை வேகமாக மிதித்தால் காற்று நுரையாகி ஆயிலோடு கலந்துவிடும். மெதுவாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், ஸ்லேவில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறங்கள், மூடுங்கள், அப்புறம்தான் காலை எடுக்கலாம். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்குங்கள். டேங்க் வற்றாமல் ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும், வற்றினால் முதலிலிருந்து.

புதுப்பேட்டை மாஸ்டர்

பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டர் வேண்டாம். ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும்.

ஸ்லேவ் பெல் ஹவுசிங்குக்குள்ளே இருந்தால்

பெல் ஹவுசிங் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடு. அப்படியென்றால் கியர்பாக்ஸ் இறக்கும் வேலை. பார்க்கிங்கில் வேண்டாம்.

புஷ் ராடை இறுக்கி வைப்பது

பெடலிலிருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் கம்பிதான் புஷ் ராட். பெடல் உயரமாக வரட்டும் என்று அதை நீட்டிவிடுகிறார்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் துளி இடைவெளி இல்லையென்றால் அந்தப் பொடித் துளை திறக்கவே திறக்காது. ரப்பரெல்லாம் புதுசாக இருந்தும் கிளட்ச் வழுக்கினால், கிளட்ச் பிளேட் விலையை விசாரிக்கும் முன் இந்த ராடைப் பாருங்கள்.