ரிம்மை மறந்துவிட்டு டயரை மட்டும் அகலமாக்கினால்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு மாமா போன் செய்தார். பிறையில் நான்கு டயரையும் மாற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, பினாங்குப் பாலத்தின் நடுவில், கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கிற அந்த மேட்டில், கார் சம்பான் மாதிரி ஆடியதாம். "டேய், வழுக்கை விழுந்த பழைய டயரே நல்லா இருந்துச்சுடா, அந்தக் கடைக்காரன் என்னமோ ஏமாத்திட்டான்" என்று ஒரே புலம்பல்.

மறுநாள் காலை, வண்டி சூடாவதற்கு முன்னால், சுங்கை ஆராவில் அவர் வீட்டு வாசலிலேயே காற்றை அளந்து பார்த்தேன். நான்கிலும் 280 கேபிஏ (காற்றழுத்தத்தை அளக்கும் கிலோபாஸ்கல்). ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, அதில் போட்டிருப்பதைவிட 60 கூடுதல். டயரை ரிம்மில், அதாவது சக்கரத்தின் உலோகப் பகுதியில், உட்கார வைக்க 'டப்' என்று சத்தம் வரும்வரை காற்றை ஏற்றுவார்கள். அதற்கப்புறம் சரியான அளவுக்குக் குறைக்கவேண்டும். கடையில் கூட்டமாக இருந்தால் அந்தக் கடைசி வேலை மறந்துபோகும். நாமும் கேட்பதில்லை. மாமாவுடையதைக் குறைத்ததும் பாதி ஆட்டம் நின்றுவிட்டது. மீதிப் பாதிக்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, புது டயரின் குணமே அது.

தேய்ந்த டயரில் பள்ளம் 2 மில்லிமீட்டர் இருக்கும். புதியதில் ஏறத்தாழ 8. அந்தக் கூடுதல் உயரத்தில் ரப்பர் கட்டைகள் எல்லாம் முழங்கால் அசைவது மாதிரி அசையும். ஸ்டேரிங்கைத் திருப்பினால் முதலில் கட்டை வளையும், அப்புறம்தான் கார் திரும்பும். தேய்ந்த டயரில் வளைய எதுவும் மிச்சமில்லை, அதனால் காய்ந்த சாலையில் அது சுறுசுறுப்பாகத் தெரியும். மழை பெய்தால்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். இதோடு, தொழிற்சாலையில் டயர் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வரப் பூசுகிற வழவழப்பு புது டயரின் மேல் கொஞ்சம் தங்கியிருக்கும். முதல் முந்நூறு கிலோமீட்டர் வரை வளைவுகளில் அடக்கி ஓட்டுங்கள். டயர் போட்ட அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாமா சொன்னார், அவர் சுபாவம் அப்படி.

சரி, இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். அது மாமாவுடையதைவிடப் பெரியது.

சில வருடங்களுக்கு முன் என் மைவி காருக்கு யாரோ கழற்றிப் போட்ட 16 இன்ச் ஸ்போர்ட் ரிம் மலிவாகக் கிடைத்தது. ரிம் அகலம் என்ன என்று நான் பார்க்கவே இல்லை. விட்டம் 16, ஓட்டை நான்கு, நூறு பிசிடி (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்), மாட்டலாம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு என்கிற நம்பிக்கையில் 205/45 ஆர்16 போடச் சொன்னேன். அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 இன்ச் என்று அர்த்தம். கடையில் ரிம்மை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு "போலே லா பாஸ்", முடியும் பாஸ், என்றார்கள். போலே தான், ஏறிவிட்டது. ரிம்மின் பின்பக்கம் 16×6ஜே, அதாவது விட்டம் 16, அகலம் 6 இன்ச், என்று அச்சடித்திருந்ததை நான் பார்த்தது இரண்டு வாரம் கழித்து, கார் கழுவும்போது.

205/45 ஆர்16 டயருக்கு ரிம் குறைந்தது ஆறரை இன்ச் அகலம் இருக்கவேண்டும், ஏழு இருந்தால் உத்தமம், ஏழரைக்கு மேல் போகக்கூடாது. என்னுடையது ஆறு. குண்டான ஆளைக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்த கதைதான். டயரின் இரண்டு விளிம்புகளும் நெருக்கிப் பிடிக்கப்பட்டு, பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நின்றது. பாயா தெருபோங் பக்கமிருந்து பாலிக் புலாவுக்கு இறங்குகிற துன் சார்டோன் சாலையில் வளைவுக்கு மேல் வளைவு வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஸ்டேரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் ஒரு கணம் யோசிக்கும், அப்புறம் திடீரென்று உள்ளே பாயும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் வந்தால் மறுபடியும் அதே யோசனை. கம்பெனி டயரில் இப்படி இருந்ததே இல்லை. பணம் கொடுத்துக் காரைக் கெடுத்திருக்கிறேன்.

அப்போது ஒரு பழைய ஒர்க்‌ஷாப் அண்ணன் ஒரு வித்தை காட்டினார். ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்து டயரின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடிப்பாக ஒரு கோடு. பிறகு காரை நேராக நாற்பது ஐம்பது அடி ஓட்டி நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் நடுவில் கோடு சுத்தமாக அழிந்திருக்கிறது, இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே இருக்கிறது. 205 என்று பணம் கொடுத்தேன், சாலையைத் தொட்டது அதைவிடக் குறைவு. காற்று அளவுக்கு மேல் ஏறியிருந்தாலும் இதே மாதிரிதான் அழியும் என்பதால் முதலில் காற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் கோடு போடவேண்டும், அதையும் அவர்தான் சொன்னார். பிற்பாடு அதே டயர்களை 7ஜே ரிம்முக்கு மாற்றினேன். டயர் மாறவில்லை, காற்று மாறவில்லை, ஆனால் அதே வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் 205 என்பது ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டி அளந்த அளவு. ரிம் அரை இன்ச் அகலமானால் டயரும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விரியும், குறைந்தால் அவ்வளவு ஒடுங்கும். சாலையைத் தொடும் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் ரிம்முக்கும் நடுவில் அந்தப் பக்கச்சுவர்தான் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ரிம் போதிய அகலம் இருந்தால் சுவர் நிமிர்ந்து நிற்கும், நீங்கள் திருப்பியது உடனே சாலைக்குப் போய்ச் சேரும். குறுகினால் சுவர் சாயும். அதனால் கம்பெனி ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மட்டும் இரண்டு அளவு ஏற்றுவது, எனக்குத் தெரிந்து, இங்கே மிக அதிகமாக நடக்கிற வீண் செலவு.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டுவது. பார்க்க ஸ்டைலாக இருக்குமாம். ரிம்மின் உதடு டயரைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பள்ளத்தில் விழுந்தால் முதல் அடி ரிம்முக்குத்தான். அதைவிட மோசம், காற்று கொஞ்சம் இறங்கிய டயரோடு வளைவில் அழுத்தினால் விளிம்பு ரிம்மை விட்டு நழுவ வழியிருக்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. செய்யாதீர்கள்.

ரிம் அகலத்தை அளப்பதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. வெளி உதட்டிலிருந்து வெளி உதடுவரை டேப் பிடித்து அளந்துவிட்டு 'ஏழு இன்ச்' என்று விற்கிறார்கள். டயர் விளிம்பு உட்காருகிற இடத்துக்கு இடையில்தான் அளக்கவேண்டும். வெளியில் அளந்தால் ஏறத்தாழ ஓர் இன்ச் கூடக் காட்டும், அதாவது அந்த ஏழு உண்மையில் ஆறு. பின்பக்கம் அச்சடித்த எண்ணை டார்ச் அடித்துப் பாருங்கள், சண்டையே வேண்டாம்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ஈடி 45, ஈடி 35 என்று இன்னொன்று இருக்கும். ரிம் உள்ளே எவ்வளவு தள்ளி உட்காரும் என்பதைச் சொல்கிற எண் அது, யாரும் பார்ப்பதில்லை. ஒரு கணக்குப் போடுங்கள். 6ஜே ஈடி 45 இருந்த இடத்தில் 7ஜே ஈடி 35 வந்தால், ஓர் இன்ச் அகலத்தில் பாதி, அதாவது 12.7 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் வளரும். அதோடு ஈடி குறைந்த 10 மில்லிமீட்டரும் சேரும். ஆக ரிம்மின் ஓரம் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடுகிறது. ஸ்டேரிங் கனக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தண்ணீர்த் தேக்கத்தில் இறங்கினால் கையிலிருந்து வெடுக்கென்று இழுக்கும். பேரிங்குக்கும் சுமை கூடும். டயர் மட்காட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் வேறு.

அகல டயர் போட்டால் சாலையைத் தொடும் பரப்பு கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கூடுவது மிகக் குறைவு. ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ, காற்று 220 கேபிஏ என்றால் தொடும் பரப்பு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. அகல டயரிலும் அதே எடை, அதே காற்று, அதனால் பரப்பும் ஏறக்குறைய அதே. வடிவம்தான் மாறுகிறது. ஒல்லி டயரில் அந்த உள்ளங்கை நீளவாக்கில் இருக்கும், அகல டயரில் குறுக்குவாக்கில் படுக்கும். குறுக்கே படுத்தால் வளைவில் நல்லது, உண்மைதான். ஆனால் தேங்கிய தண்ணீரில் அது பலகை மாதிரி மிதக்கப் பார்க்கும், ஒல்லியானது கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகும். சாயங்காலம் நாலரைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ஊரில் இருந்துகொண்டு இதை மறந்துவிடுகிறோம். பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லோரிகள் அழுத்தி அழுத்திச் சாலையில் வாய்க்கால் விழுந்திருக்கிற இடங்களில் இன்னொன்றும் கவனிக்கலாம். அகல டயர் அந்த வாய்க்காலின் சரிவைப் பிடித்துக்கொண்டு அது போகிற பக்கம் காரை இழுக்கும், இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்தே ஆகவேண்டும். அலைன்மெண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று தரம் அலைன்மெண்ட் செய்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

விட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 175/65 ஆர்14, 185/55 ஆர்15, 195/45 ஆர்16 மூன்றும் முழு உயரத்தில் 582 முதல் 585 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும், ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடலாம். 195/50 ஆர்16 போட்டால் 601. மூன்று சதவீதம் உயரம். மீட்டர் 110 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீட்டர் வேகமாகப் போவீர்கள், அதைக்கூட விடுங்கள், பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும்போது மட்காட்டின் உட்பக்கம் டயர் உரசுகிற சத்தம் கேட்கும்.

சுமை எண்ணையும் பாருங்கள். 185/55 ஆர்15 பெரும்பாலும் 82, ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 195/45 ஆர்16-இல் 80 என்று ஒன்றும் 84 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று ஒன்றும் கிடைக்கும். 80 என்றால் 450 கிலோதான். பெரிய ரிம்முக்கு ஏறி, தாங்கும் திறனில் இறங்கிவிடுகிறோம். எக்ஸ்எல் 500 கிலோ தாங்கும், ஆனால் அதற்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும், பழைய ஸ்டிக்கர் அளவையே வைத்தால் அதன் பலன் கிடைக்காது.

கையில் காசு குறைவாக இருந்து இரண்டு டயர் மட்டும் வாங்கினால், நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தில் இழுப்பவை என்பதால் புதிய இரண்டும் முன்னால்தான் போகவேண்டும் என்று கடையிலும் சொல்வார்கள், வீட்டிலும் சொல்வார்கள். பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் மெல்ல வழிக்கு வரும். பின்பக்கம் வழுக்கினால் பம்பரம்தான். துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையில் கடலோர வளைவில் மழை நேரத்தில் அப்படி ஒரு கார் அரைச்சுற்று சுற்றி எதிர்த்திசையைப் பார்த்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் டயரில் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் நுனிகள்கூட இன்னும் உதிரவில்லை, பின் டயர் மொழுமொழு.

இன்னும் சில்லறை விஷயங்கள். டயரின் பக்கத்தில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மலிவு விலை சொன்னால் முதலில் அதைப் பாருங்கள். பழைய ரிம் வாங்கினால் டயர் மாட்டுவதற்கு முன்பே வெறும் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், வளைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ரிம் மாற்றினால் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். அப்புறம், ரிம், டயர், காற்று மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

மாமா இப்போது எண்ணெய் நிலையத்தில் காற்றடித்துவிட்டு எனக்குப் போன் செய்து அளவு சொல்கிறார். பாலம் கடந்து வந்த சூட்டோடு அளப்பதால் எப்போதும் இருபது முப்பது கூடக் காட்டுகிறது, அவரும் எப்போதும் குறைத்துவிடுகிறார். காலையில் வீட்டில் அளங்கள் என்று நானும் எப்போதும் சொல்கிறேன்.